விமானப்படை விமானி ஆக வேண்டும்: வன்னிப் பிள்ளைக்கு எந்த வழி?

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் இந்தக் கேள்வி வரும். "சேர், பைலட் ஆகிறதுக்கு எதால போறது நல்லம்?" கிளிநொச்சியோ மாங்குளமோ புதுக்குடியிருப்போ, கேட்கிற பிள்ளையின் மனதில் இருப்பது பெரும்பாலும் ஜெட், இல்லாவிட்டால் ஹெலிகொப்டர். பயணிகள் விமானம் அதற்குப் பிறகுதான். பௌதிகவியல் படிப்பிக்கிறவனிடம் இதைக் கேட்பது இயல்பு. ஆனால் விடையில் பௌதிகவியலுக்கு இருக்கிற இடம் சின்னதுதான்.

வழிகள் மூன்று. இரத்மலானையில் இருக்கிற கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குக் கெடெற்றாக, அதாவது சீருடை போட்ட பயிற்சி அதிகாரியாகப் போவது ஒன்று. உயர்தரத் தகுதியோடு நேரே விமானப்படைக்குக் கெடெற் அதிகாரியாக விண்ணப்பிப்பது இன்னொன்று. காசு கட்டி சிவில் விமானி உரிமம் எடுப்பது மூன்றாவது. எது சுலபம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் வேறு கணக்குப் பார்க்கச் சொல்வேன்: இடையில் கழிக்கப்பட்டால் கையில் என்ன மிஞ்சும்? விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். எடுத்தவர்களிலும் சிலர் பறக்கும் பயிற்சியில் நிற்பாட்டப்படுவார்கள். எந்த நாட்டு விமானப்படையிலும் இதுதான் நிலை. அதனால் விழுந்தால் எங்கே விழுவோம் என்று பார்த்து வைத்துக்கொண்டு ஏறுவதுதான் புத்தி.

முதலில் கண்

வழியைத் தெரிவுசெய்வதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைப் பெரும்பாலான பிள்ளைகள் கடைசியில்தான் செய்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குப் போய்ப் பார்வையையும் நிறப் பார்வையையும் சோதிக்கவேண்டும்.

விமானப்படையின் விமானிக் கிளைக்குக் கண்ணாடியோ கொன்டாக்ட் லென்ஸோ இல்லாமல் இரு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும்; ஆறு மீற்றரில் சாதாரணக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்து அதே ஆறு மீற்றரில் தெரியவேண்டும் என்று அர்த்தம். சிவில் பக்கம் அவ்வளவு இறுக்கம் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் வகுப்பு மருத்துவ விதிப்படி, கண்ணாடி போட்டாவது ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்த்தால் போதும். ஆக, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்கு முதல் இரண்டு வழியும் அன்றைக்கே மூடிவிடுகின்றன. மூன்றாவது வழி திறந்தே இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல மாதக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

நிறப் பார்வை வேறு கதை. புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்துச் சோதிப்பார்கள். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாத குறை பரம்பரையில் வருவது. அம்மா வழியாகக் கடத்தப்படுவதால் பெடியன்களிடம்தான் கூட. அந்தக் குறை இருக்கிறவருக்கே பெரும்பாலும் அது தெரிந்திருக்காது. அதற்கு மருந்தோ சத்திரசிகிச்சையோ இல்லை. சிவில் பக்கத்திலும் அது பெரிய தடை. கிட்டப்பார்வைக்கு லேசர் செய்துவிட்டால் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு படையும் அதைப் பற்றி ஒவ்வொரு மாதிரி விதி வைத்திருக்கிறது. விதியைக் கையில் வாங்கி வாசிக்காமல் கத்திக்குக் கண்ணைக் கொடுக்கவேண்டாம்.

கண்ணுக்கு அடுத்தது காது. சின்ன வயதில் குளத்துத் தண்ணீர் போய்ச் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்த பிள்ளைகள் இங்கே குறைவில்லை. உயரம் மாற மாறக் காற்றழுத்தம் மாறும். அதற்குக் காது ஈடுகொடுக்கவேண்டும். ஆஸ்துமா, வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதையும் இப்போதே வைத்தியரிடம் கதைத்துத் தெளியவேண்டும்.

வன்னிக்கென்றே ஒரு விசயம். 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள்தான் இன்று உயர்தரம் முடிக்கிற வயதில் இருக்கிறார்கள். உடம்புக்குள் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் அவர்களிலும் உண்டு. எக்ஸ்ரேயில் அது தெரியும். மறைத்துப் பயனில்லை. துண்டு எங்கே இருக்கிறது, அசைகிறதா, நரம்புக்குப் பக்கத்திலா என்று எழுதிய வைத்திய அறிக்கை ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், அதைப் பார்த்து மருத்துவச் சபை முடிவு எடுக்கும். சபைக்கு முன்னால் முதல்முறையாகத் தெரியவருவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

மூன்று வழியும் ஒன்றோடொன்று

கொத்தலாவல வழியின் பெரிய இலாபம் பட்டம். கெடெற்றாக எடுபட்டால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரச செலவு. மாதாந்தம் கொடுப்பனவும் உண்டு. பறப்பது சரிவராமல் போனாலும் பட்டம் உங்களுடையது. வேறு கிளையில் அதிகாரியாகத் தொடர இடமும் இருக்கும். விழுந்தால் மிஞ்சுவது என்ன என்ற கணக்கில் மூன்றிலும் முன்னுக்கு நிற்பது இதுதான். இதற்கு விலை இரண்டு. ஒன்று, நல்ல உயர்தரப் பெறுபேறு வேண்டும். கணிதப் பிரிவில் அடிபிடிப் போட்டி. மற்றது, காலமும் ஒப்பந்தமும். படித்ததற்குப் பதிலாகப் பல வருடம் சேவை செய்வதாகக் கையெழுத்து வைக்கவேண்டும். இடையில் விட்டால் காசு கட்டவேண்டி வரும். ஒப்பந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இருந்து, ஒவ்வொரு வரியாக வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் சீருடை இல்லாமல் கட்டணம் கட்டிப் படிக்கிற பகுதியும் இருக்கிறது. அதில் படித்தால் படைக்குள் வந்ததாகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற பெற்றோர் நிறைய.

நேரடி வழியில் சீக்கிரம் பறக்கலாம். அடிப்படைப் படைப்பயிற்சி முடிந்து திருகோணமலை சீனக்குடாவில் இருக்கும் விமானப்படைக் கலைக்கழகத்தில் பறக்கும் பயிற்சி. அங்கே பயிற்சிக்குப் பயன்படும் விமானங்களில் முக்கியமானது சீனத் தயாரிப்பான பி.டி-6: இருவர் முன்பின்னாக இருக்கிற, முன்பக்கம் காற்றாடி சுழல்கிற சின்ன விமானம். அதற்குப் பிறகுதான் ஜெட், ஹெலிகொப்டர், போக்குவரத்து விமானம் என்று பிரிப்பார்கள். எது கிடைக்கும் என்பதை உங்கள் ஆசையை விடப் பயிற்சியில் எடுத்த புள்ளியும் படையின் தேவையும்தான் தீர்மானிக்கும். ஜெட் இல்லாவிட்டால் வேண்டாம் என்கிற மனநிலையோடு போகிறவர் அங்கேயே நொந்துபோவார். இந்த வழியில் இடையில் நின்றால் மிஞ்சுவது உயர்தரச் சான்றிதழ் மட்டும். அதற்குள் இரண்டொரு வருடம் போயிருக்கும். பல்கலைக்கழக அனுமதியும் கை நழுவியிருக்கலாம். வேறு கிளைக்கு மாற்றிக்கொள்ளச் சந்தர்ப்பம் வந்தால், கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளவேண்டும். வயதும் ஒரு தடை. இருபதுகளின் தொடக்கத்திலேயே இந்தக் கதவு மூடிவிடும். திருமணமாகாதவராகவும் இருக்கவேண்டும். சரியான வயதெல்லையும் உயரமும் அந்தந்த முறை வருகிற அறிவித்தலில் இருக்கும். போன முறை சேர்ந்த ஒருவர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள். விமானப்படையில் முதல் பெண் விமானிகள் 2020இல்தான் அதிகாரம் பெற்று வந்தார்கள். ஆகவே கதவு இருக்கிறது. அதற்குள்ளால் போனவர்கள் இன்னும் மிகக் குறைவு.

சிவில் வழியில் யாரும் உங்களைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை. மருத்துவச் சான்றிதழும் காசும் இருந்தால் போதும். அதுதான் அதன் கவர்ச்சி, அதுதான் அதன் பொறியும். சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலம், வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணித்தியாலம் (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியென்றால் 150) பறந்திருக்கவேண்டும். ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எரிபொருளும் உதிரிப்பாகமும் டொலர் விலையில். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தக் கணக்கு எப்படி ஏறியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரணைமடுவின் கீழ் இருக்கிற வயலை விற்று உரிமம் எடுப்போமா என்று ஒரு தகப்பன் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். விதைநெல்லைக் குற்றிச் சோறு சமைப்பது போன்ற வேலை அது. 200 மணித்தியாலத்தோடு வருகிற இளம் விமானிக்கு விமானக் கம்பனிகள் வரிசையில் நின்று வேலை கொடுப்பதில்லை. பெரிய விமானத்தின் கப்டனாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். நடுவில் இருக்கிற அந்த 1,300 மணித்தியாலத்தை எங்கே பறந்து சேர்ப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. பயிற்றுநராக இருந்து சேர்க்கிறவர்கள் உண்டு. வீட்டில் காசு இருக்கிறது, வெளிநாட்டில் நிற்கும் சகோதரர் பொறுப்பெடுக்கிறார் என்றால் யோசிக்கலாம். கடன் எடுத்து வேண்டாம்.

வெளிநாட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். "இங்க வா, கனடா விமானப்படையில சேரலாம்" என்று மாமா ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருப்பார். கனேடியப் படை 2022 முதல் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களின் விண்ணப்பத்தையும் ஏற்கிறது, உண்மைதான். மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்த உரிமை இல்லை. வதிவிடம் எடுத்து முடிக்கிற காலத்தில் பிள்ளைக்கு என்ன வயதாகும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

தயார் செய்வது எங்கே, எப்படி

கொழும்பில் தங்கி வகுப்புக்குப் போவதா, யாழ்ப்பாணம் போய் வருவதா, வீட்டிலிருந்தா? என் அபிப்பிராயம் வீட்டிலிருந்துதான். ஆங்கிலத்தைத் தவிர.

ஆங்கிலத்துக்காகச் செலவழிக்கும் காசு எந்த வழியிலும் வீணாகாது. கொத்தலாவலவில் படிப்பு ஆங்கிலத்தில். பயிற்சிக் கைநூல்கள் ஆங்கிலத்தில். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைப்பது ஆங்கிலத்தில். சர்வதேச வானத்தில் பறக்கிற சிவில் விமானிக்கு ஆறு படிகளில் நாலாவது படி ஆங்கிலமாவது வேண்டும் என்று விதியே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்தால் விளங்கும், கேட்டால் பாதி விளங்கும், வாய் திறந்தால் நின்றுவிடும். நேர்முகத் தேர்வில் சபை பார்ப்பது அந்தக் கடைசியைத்தான். இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் யாரோடாவது ஆங்கிலத்தில் கதைக்கவேண்டும். பிழையாகக் கதைத்தால் பரவாயில்லை. சிங்களமும் வேண்டும். முகாமுக்குள் அன்றாடப் பேச்சு சிங்களத்தில்தான். கட்டளை விளங்காமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கெடெற் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் பின்தங்கித்தான் தெரிவான். வவுனியாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த விசயத்தில் கிளிநொச்சிப் பிள்ளைகளை விடக் கொஞ்சம் வசதி.

விமானி உளச்சார்புச் சோதனைக்கு "வகுப்பு" என்று காசு வாங்குகிறவர்கள் சொல்லித்தரும் பெரும்பகுதியை வீட்டிலேயே பழகலாம். அது அறிவைச் சோதிக்கிறதை விட, ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கை தடுமாறாமல் செய்கிறீர்களா என்றுதான் பார்க்கும். கருவிகளைப் பார்த்து விமானம் எந்தப் பக்கம் சரிகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லவேண்டும். கையால் ஒரு புள்ளியைப் பின்தொடர்ந்துகொண்டே காதில் விழும் இலக்கங்களுக்கு விடை சொல்லவேண்டி வரலாம். தாள் இல்லாமல் மனக்கணக்கும் போடவேண்டும்.

மனக்கணக்குக்கு உதாரணம் இரண்டு. வேகம் 150 நொட், அதாவது மணிக்கு 150 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். 40 கடல்மைல் போக எவ்வளவு நேரம்? நிமிடத்துக்கு இரண்டரை மைல், ஆகவே 16 நிமிடம். மணிக்கு 48 லீற்றர் எரிபொருள் குடிக்கிறது என்றால் அந்த 16 நிமிடத்துக்கு 12.8 லீற்றர். இதை மூச்சுவிடுகிற நேரத்துக்குள் சொல்லப் பழகவேண்டும். அடுத்தது திசை. 070 பாகையில் போகிறவர் வந்த வழியே திரும்பினால் எந்தத் திசை? 200 கூட்டி 20 கழித்தால் 250. 180ஐக் கூட்டுவதை விட இது மனதுக்குச் சுலபம். அப்புறம், 60 மைல் தூரத்தில் ஒரு பாகை பிசகினால் ஒரு மைல் விலகிப்போவீர்கள் என்கிற கணக்கையும் கைப்பாடமாக்கிக்கொள்ளுங்கள். பறப்பவர்கள் நாள்தோறும் பயன்படுத்துவது அது.

கணினி இருந்தால் ஃபிளைட்கியர் என்ற இலவச பாவனைப் பறப்பு மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம். அதில் பறந்து பழகினால் விமானி ஆகிவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கருவிகளைக் கண் சுற்றிச் சுற்றிப் பார்க்கப் பழகும், அவ்வளவுதான். உடற்பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளக்கட்டில் ஓடுங்கள், தண்டால் எடுங்கள், வாய்க்காலில் நீந்தத் தெரிந்தால் இன்னும் நல்லது. பாடசாலையில் மாணவர் படையணி இருந்தால் சேருங்கள்.

வீட்டில் பேசவேண்டியது

கொழும்பில் இருக்கிற வழிகாட்டி ஆசிரியர் யாரும் சொல்லித்தர முடியாத பகுதி இது. வானத்தில் சத்தம் கேட்டால், குண்டு போட வரும் விமானப்படை ஜெட்டின் பெயரை, "கிபிர்" என்று கத்திக்கொண்டு பங்கருக்குள் ஓடிய ஊர் இது. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானப்படை போட்ட குண்டுகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; பெரும்பாலானோர் பள்ளி மாணவிகள். 2017இல் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இரவுபகலாக இருந்துதான் தங்கள் காணியை மீட்டார்கள். புலிகள் போட்ட இரணைமடு ஓடுபாதையில் இன்று விமானப்படை முகாம் இருக்கிறது. இவ்வளவும் நடந்த இடத்தில் ஒரு பிள்ளை வந்து "நான் எயார்போர்ஸுக்கு எழுதப்போறன்" என்றால் அம்மம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை. "கிபிர் ஓட்டப்போறியோ?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. அதே படை மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐக்கிய நாடுகள் பணிக்கு எம்ஐ-17 ஹெலிகொப்டர்களை ஓட்டுகிறது. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளம் எடுத்து வாழ்ந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ. படையிலிருந்து வருகிற வருமானம் இங்கே புதிதல்ல. அதைப் பற்றி வெளியே கதைக்காமல் இருப்பதும் புதிதல்ல.

நான் எந்தப் பிள்ளைக்கும் போ என்றும் சொல்வதில்லை, போகாதே என்றும் சொல்வதில்லை. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் வீட்டில் வாய்விட்டுக் கதைக்கச் சொல்வேன். கிராம அலுவலரின் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, குடும்ப விபரம் எல்லாம் கேட்பார்கள், பின்னணி விசாரிப்பார்கள். மாமா ஒருவர் புனர்வாழ்வு முகாமில் இருந்தவர் என்றால் அது அவர்கள் கோப்பில் இருக்கும். ஒளித்து எழுதிப் பிறகு பிடிபடுவதை விட உள்ளதை எழுதுவது நல்லது. அந்த மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதவேண்டும். பெடியனின் ஆசைக்காக வேறொருவர் வீட்டு வாசலுக்கு விசாரணை போகக்கூடும் அல்லவா?

உயிராபத்தையும் வீட்டுக்குச் சொல்லவேண்டும். யுத்தம் முடிந்துவிட்டதே என்று நினைக்கவேண்டாம். 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் பி.டி-6 பயிற்சி விமானம் விழுந்து பயிற்சியிலிருந்த விமானி இறந்தார். 2023 ஆகஸ்டில் சீனக்குடாவில் இன்னொரு பி.டி-6 விழுந்து இருவர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் வாரியபொலவில் விழுந்த கே-8 பயிற்சி ஜெட்டிலிருந்து இருவரும் பரசூட்டில் குதித்துத் தப்பினார்கள்.

என்னிடம் கேட்டால்

கண் சரி, பெறுபேறு சரி, வீடும் ஓம் என்றால் கொத்தலாவல. கண்ணும் வீடும் சரி, ஆனால் பெறுபேறு நடுத்தரம் என்றால் நேரடி வழி. அப்போதும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். கண் சரியில்லை, அல்லது வீடு மனதார ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விமானத்தை விடவேண்டியதில்லை. படையை விட்டால் போதும். ஆனால் உடனே சிவில் விமானி உரிமத்துக்குக் காசு தேடி ஓடாமல் நான் வேறு இரண்டைக் காட்டுவேன். ஒன்று, விமானப் பராமரிப்புப் பொறியியல் உரிமம்: இயந்திரப் பக்கம் அல்லது மின்னணுப் பக்கம். மற்றது, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு. இரண்டுமே விமானி உரிமத்தை விட மலிவு, நிலையான வேலை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்ததிலிருந்து வடக்கில் இந்த வேலைகளைப் பற்றிக் கேட்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மின்னியலோ வாகனத் தொழில்நுட்பமோ படித்துக் கை திருந்திய பிள்ளை பராமரிப்புப் பக்கம் போனால் தடுமாறாது.

எந்த வழியானாலும் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது: பத்திரங்கள். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, அனுமான வயதுச் சான்றிதழோடு இருக்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பெயரின் எழுத்து அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அறிவித்தல் வந்து விண்ணப்பம் முடிகிற அந்தச் சில வாரத்துக்குள் இதைத் திருத்த முடியாது. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) இப்போதே போய் வரிசையில் நின்றுகொள்ளுங்கள்.